பட்டைகள் திரும்பியிருந்த பக்கம்

இரண்டு கைகள் ஒரே சமயத்தில் ஜன்னலை நோக்கி நீண்டன. பெரியவளின் கை திரைச்சீலையைப் பிடித்தது. சின்னவனின் கை பிளைண்ட்ஸ் கயிற்றைப் பிடித்தது. இரண்டுக்கும் கீழே, ஜன்னலை ஒட்டிய கட்டிலில், அப்பா கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். அலுமினியப் பட்டைகளுக்கு இடையே நுழைந்த பிற்பகல் வெயில் அந்தத் துணியின்மேல் கோடு கோடாக விழுந்திருந்தது. மேல் கோடு அவர் தாடையைத் தொட ஆரம்பித்திருந்தது.

“அந்த வெயில மறைங்கப்பா யாராவது. வண்டி வர சாயங்காலம் ஆகும்ங்கறீங்க, அதுவரைக்கும் உடம்பு தாங்க வேண்டாமா?” என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்லி வாய் மூடவில்லை, அதற்குள் இது.

“நீ விடு. நான் பாத்துக்கறேன்,” என்றாள் பெரியவள்.

“பட்டையத் திருப்புனா போதும்க்கா. கர்ட்டன் போட்டா இருட்டாயிடும்.”

“இருட்டானா லைட்டப் போட்டுக்கலாம். விடுடா.”

அவன் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கயிற்றை விட்டான். அவள் இழுத்தாள். வளையங்கள் கம்பியில் சரசரவென்று ஓடின. அறை அப்படியே அணைந்துபோனது. யாரோ ஒருவர் நாற்காலியில் இடித்துக்கொண்டு “ஐயோ” என்றார். இன்னொருவர் சுவரைத் தடவி விளக்கைப் போட்டார்.

துக்க வீட்டில் யாரும் “நல்ல திரை” என்று சொல்லப்போவதில்லை. அது பெரியவளுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பொட்டு வெயில் உள்ளே வரவில்லை என்பதை அவள் இரண்டு ஓரங்களிலும் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

ஒரு ஜன்னலுக்கு இரண்டு அடுக்கு போடுவதில் ஒரு முறை இருக்கிறது. பிளைண்ட்ஸ் ஜன்னல் சட்டத்துக்குள்ளேயே, கண்ணாடிக்கு நெருக்கமாக உட்கார வேண்டும். திரைச்சீலைக்கான கம்பியோ சட்டத்துக்கு ஒரு சாண் மேலே, இரண்டு பக்கமும் ஒரு சாண் தாண்டிப் போக வேண்டும். பட்டைகளை எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஓரங்களில் வெளிச்சம் கசியும். அந்தக் கசிவை மறைப்பது துணி. துணியை மட்டும் தொங்கவிட்டால் ஒன்று முழு வெளிச்சம், இல்லாவிட்டால் முழு இருட்டு. நடுவில் உள்ளதையெல்லாம் கொடுப்பது பட்டை. ஒன்றால் முடியாததை மற்றது செய்யும்.

கேட்க அழகாகத்தான் இருக்கும். பெரியவள் திரைச்சீலை தைத்தாள், சின்னவன் பிளைண்ட்ஸ் மாட்டினான். அந்த வட்டாரத்து ஜன்னல்கள் பலவற்றில் அக்காவும் தம்பியும் ஒருவர்மேல் ஒருவராகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் சின்னவன் வேலை செய்யப் போகும் வீடுகளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவான்: “பிளைண்ட்ஸ் போட்டாச்சுல்ல, கர்ட்டன் சும்மா ரெண்டு ஓரத்துல அழகுக்குத் தொங்குனா போதும்.” ஜன்னலைப்போல இரண்டு மடங்கு அகலத்துக்குத் துணி எடுத்தால்தான் மடிப்பு மடிப்பாக விழும். அவன் வாயைத் திறந்தால் அது பாதியாகும். இழுத்தால்கூட நடுவில் வந்து சேராத அந்தத் துணிகளைத் தைக்கும்போதெல்லாம் பெரியவளுக்கு, கல்யாண வீட்டில் யாரும் கூப்பிடாமல் ஓரமாக நிற்கும் தூரத்துச் சொந்தக்காரர்கள் ஞாபகம் வரும்.

அப்பா கீழே விழுந்து இடுப்பு முறிந்த பிறகு அவள் வீட்டுக்குத்தான் வந்தார். அவர் அறைக்கு அவள் தைத்த திரை அரைகுறை வேலை இல்லை. கெட்டித் துணி, பின்னால் வெளிர்மஞ்சள் உள்துணி, கையாலேயே பிடித்த மடிப்பு. கீழ்த் தையலின் இரண்டு மூலைகளிலும் காசு அளவில் ஓர் ஈய வில்லை. திரை காற்றில் பறக்காமல் நேராக விழுவதற்காக எல்லாத் தையல்காரர்களும் வைப்பதுதான். ஆனால் ஈயம் நேரடியாகப் பட்டால் துணி கறுக்கும் என்று அவள் ஒவ்வொரு வில்லைக்கும் வெள்ளைத் துணியில் ஒரு குட்டிப் பை தைத்து, அதற்குள் போட்டு வைப்பாள். அது வெளியே யாருக்கும் தெரியாது. அப்பா முதல் நாள் அந்தத் திரையைத் தொட்டுப் பார்த்தார், “ம்” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னவன் வந்தான். வாரா வாரம் வெறுங்கையோடு வந்து, ஒரு கதை சொல்லி, அப்பாவைச் சிரிக்க வைத்துவிட்டுப் போகிறவன், அன்றைக்கு ட்ரில்லும் ஒரு நீள அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தான். அவள் சமையலறையில் இருந்து வருவதற்குள் பிளைண்ட்ஸ் மாட்டியாகிவிட்டது. அன்று முதல் திரை பகல் முழுக்க இரண்டு ஓரங்களில் கட்டிக் கிடந்தது.

“எதுக்குப்பா தொறந்தே வைக்கணும்? கண்ணு கூசலையா?”

“இருக்கட்டும். சின்னவன் மாட்டுனது நல்லாத்தான் இருக்கு.”

நல்லாத்தான் இருக்கு! ஒரு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்தவளுக்கு ஒரு “ம்”. ஒரு மணி நேரத்தில் நாலு திருகாணி போட்டவனுக்கு இது. படுக்கை விரிப்பு மாற்றுவது, தூக்கி உட்கார வைப்பது, முதுகு துடைப்பது எல்லாம் அவள். சனிக்கிழமையானால் “நாளைக்குச் சின்னவன் வருவான்ல?” என்று கேட்டு, ஷேவ் பண்ணிவிடச் சொல்வதும் அவளிடம்தான்.

அதிலும் அவன் அந்த வேலையை ஒழுங்காகச் செய்திருந்தாலாவது பரவாயில்லை. பட்டைகளைத் திருப்பி வைத்திருந்த பக்கமே தப்பு. பட்டையின் உள்விளிம்பு மேலேயும் வெளிவிளிம்பு கீழேயும் இருந்தால், வெயில் பட்டையில் மோதிக் கூரைக்குத் தாவி, அங்கிருந்து பூவாக இறங்கும். மாடியில் இருப்பவர்களுக்கும் உள்ளே தெரியாது. அதுதான் சரி. அதற்கு மாறாக, வெளிவிளிம்பு மேலே போனால் உச்சி வெயில் சறுக்குமரத்தில் இறங்குவதுபோல நேராகப் படுக்கைக்கு வரும். சின்னவன் அப்படித்தான் வைத்துவிட்டுப் போயிருந்தான். பெரியவள் காலையில் அறையைக் கூட்டும்போது கயிற்றை இழுத்துச் சரியான பக்கம் திருப்பிவிட்டுத் தன் வேலைக்குப் போவாள். மதியம் வந்து பார்த்தால் பழையபடி இருக்கும்.

“தொழில் தெரியாதவன் வெச்சத நான் சரி பண்ணா, நீங்க மறுபடி மாத்தறீங்க. அவன்மேல அவ்வளவு பாசம்.”

அப்பா சிரிப்பார். அறை விளக்கைப் போடப்போனால் மட்டும் வாய் திறப்பார்: “லைட்டப் போடாத.”

இன்று காலையும் அதையேதான் சொன்னார். பால் கொடுத்து, வாய் துடைத்து, விளக்கைப் போடப்போனாள். “லைட்டப் போடாத. நீ போய் வேலையப் பாரு.” அவள் போய் வேலையைப் பார்த்தாள். அவளுடைய தையல் அறை, வீட்டின் பின்முற்றத்துக்கு அந்தப் பக்கம், சாமான் அறைக்கு மேலே கட்டிய ஒற்றை மாடி. நீண்ட கரை ஒன்றைத் தைத்து முடித்துவிட்டுக் கீழே வந்தபோது அப்பாவின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. அவள் கூப்பிட்டாள். பிறகு தொட்டாள்.

வந்தவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வியைப் பேங்க் மேடமும் கேட்டாள். மூன்று ஜன்னல்களுக்குத் துணி கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வாடிக்கையாளர் அவள்.

“கடைசியா என்ன சொன்னாரு?”

“லைட்டப் போடாதன்னு சொன்னாரு.”

பேங்க் மேடம் அதற்கு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தலையை ஆட்டினாள். “பக்கத்துல இருந்தீங்களா?”

“இல்ல. மேல தச்சிட்டிருந்தேன்.”

“ஐயோ.” மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எங்க கர்ட்டனா?” என்று கேட்டுவிட்டு உடனே நாக்கைக் கடித்தாள். “இல்ல, இல்ல, அவசரமே இல்ல.”

கட்டிலின் அந்தப் பக்கத்தில் சின்னவனைச் சுற்றி நாலு பேர். “நேத்து ராத்திரி ஃபோன்ல அரை மணி நேரம் பேசுனாரு. சிரிச்சாரு,” என்று அவன் யாரிடமோ சொல்வது கேட்டது. அரை மணி நேரம்! ஃபோனை அப்பாவின் காதில் வைத்துவிட்டு, பேசட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்தவள் அவள்தான். நாலு பேரும் சின்னவனின் தோளைத் தட்டினார்கள். கடைசிச் சிரிப்பும் அவனுக்கு. அவளுக்கு விளக்கு.

அவள் பார்வையை அங்கிருந்து பிடுங்கித் தன் திரைக்குக் கொண்டுபோனாள். மின்விசிறிக் காற்றில் திரையின் கட்டில் பக்கத்து மூலை மெல்ல எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. மற்ற மூலை அசையவில்லை. சில வாரங்களாகவே அந்தப் பக்கம் நேராக விழவில்லை என்று பார்த்திருக்கிறாள். சின்னவனின் பிளைண்ட்ஸ் தகடு பின்னாலிருந்து இடிக்கிறது, அவன் வைத்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, அந்த நினைப்பிலேயே திருப்திப்பட்டு விட்டுவிட்டாள். தொழில் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது கீழ்த் தையலை. அவள் இப்போதுதான் குனிந்தாள். மூலையை விரலால் நசுக்கினாள். உள்ளே ஒன்றும் இல்லை. நூல் நாலு இடத்தில் வெட்டப்பட்டு, துணி பையன்களின் சட்டைப்பை போல வாய் திறந்திருந்தது.

திரையை ஒரு கையால் விலக்கிப் பின்னால் பார்த்தாள். பட்டைகளைத் திருப்ப இரண்டு மெல்லிய கயிறுகள். ஒன்றை இழுத்தால் இந்தப் பக்கம் திரும்பும், மற்றதை இழுத்தால் அந்தப் பக்கம். ஒரு கயிற்றின் நுனியில் பிளாஸ்டிக் குமிழ் இருந்தது. அவள் தினமும் இழுப்பது அதைத்தான்; மற்றது எப்போதும் தலையணைக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும். மற்றதன் நுனியில், தலையணை உயரத்தில், அவள் தைத்த குட்டி வெள்ளைப் பை கட்டித் தொங்கியது.

அவள் சின்னவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அவன் பின்னால் வந்தான்.

“என்னக்கா?”

“என் கர்ட்டன்ல இருந்து வெயிட்டப் பிடுங்கி உன் பிளைண்ட்ஸ்ல கட்டியிருக்க. கடையில குமிழ் கிடைக்கலையாடா உனக்கு? அத்தனை ஏழையா நீ?”

“நான் கட்டல.”

“பின்ன எலி வந்து கட்டுச்சா?”

“முடிச்சப் பாத்தியா?”

அவள் பார்த்திருந்தாள். பார்த்ததைத் தனக்கே சொல்லிக்கொள்ளாமல் இங்கே வந்திருந்தாள். அப்பா வேலையில் இருந்த காலமெல்லாம் தபால் கட்டுகளைக் கட்டியவர். எவ்வளவு இழுத்தாலும் இறுகும், வாலைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் மொத்தமும் கழன்றுவிடும் முடிச்சு அது. பள்ளிக்கூட நாட்களில் அவளுடைய புத்தகங்கள் எல்லாம் அதில்தான் கட்டியிருக்கும். ஒரு தடவை நகவெட்டி கேட்டார். எதுக்கு, நானே வெட்டிவிடுகிறேன் என்று சொல்லி வெட்டிவிட்டு மறதியாக எங்கோ வைத்தது, பிறகு அவர் தலையணைக்கு அடியில் கிடைத்தது. திரையின் நூலை வெட்டியது அதுவாகத்தான் இருக்கும்.

“குமிழ் ஒடஞ்சிடுச்சு,” என்றான் சின்னவன். “குமிழ் இல்லன்னா கயிறு மேல போய்ச் சுத்திக்குது, கைக்கு எட்டல. அடுத்த வாரம் கொண்டாரேன்னேன். வேணாம், எங்கிட்டயே ஒண்ணு இருக்குன்னாரு.”

“என்னோடதப் பிச்சு உன்னோடதுல மாட்டியாச்சு.” அவள் குரல் உடைந்தது, கோபத்தில்தான் என்று அவள் நினைத்தாள். “அந்தக் கயிற வெச்சு அவருக்கு என்ன வேலை?”

“நீ காலையில திருப்பி வெச்சிட்டுப் போயிடுவ. அவரு மறுபடி மாத்தணும்ல.”

“மூஞ்சில வெயில் அடிக்கிற மாதிரியா? தொழில் தெரிஞ்ச எவனாவது அந்தப் பக்கம் திருப்புவானாடா?”

“தெரியாமலாக்கா வெச்சேன்?”

அவன் குழாயைத் திறந்து கையைக் கழுவினான். கையில் அழுக்கு ஒன்றும் இல்லை. பிறகு குழாயை மூடினான்.

“படுத்த மாதிரியே உன் ரூம் தெரியணும்னாரு. நீ மெஷின்ல உக்காந்திருக்கறது. கீழ படுத்திருக்கறவங்களுக்கு மாடி தெரியணும்னா வெளிவிளிம்பு மேல போனாத்தான் ஆகும். உனக்கே தெரியும். ஆனா நீ அவரப் பாக்கக் கூடாதாம். அதுக்கு லைட்டு எரியக் கூடாதுன்னேன்.”

அவளுக்குத் தெரியும். வெளிச்சத்தில் இருப்பவருக்கு இருட்டு தெரியாது, இருட்டில் இருப்பவருக்கு வெளிச்சம் தெரியும். வீடு வீடாகப் போய் அவள் சொல்வதே அதுதானே. ராத்திரி லைட் போட்டுட்டு வெறும் பிளைண்ட்ஸோட உக்காந்தீங்கன்னா தெருவுக்கே சினிமா காட்டற மாதிரி, மேல ஒரு கர்ட்டன் வேணும் என்று. மாடியில் மெஷினுக்கு மேலே காலையிலிருந்து இருட்டும்வரை அவளுடைய ட்யூப்லைட் எரியும்.

“நான் பாத்தா என்னவாம்?”

“பாத்தா நீ பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ இறங்கி வருவியாம். வேலை கெடுமாம். அவ தைக்கிறதப் பாத்துட்டே இருந்தா பொழுது போயிடுதுடான்னாரு.”

“உங்கிட்ட சொன்னாரா?”

“ம்.”

“எங்கிட்ட சொல்லல.”

சின்னவன் மூடிய குழாயை இன்னொரு முறை இறுக்கினான்.

“அதையும் உங்கிட்டதான் சொல்லணுமா?” என்றாள் அவள். “என்னப் பத்தினதையும்?”

“நான் என்ன பண்றதுக்கா? ஞாயித்துக்கிழமை ஆனா எனக்கு உன் கதைதான். அவ பிடிக்கிற மடிப்பப் பாத்தியாடா, அளந்து வெச்ச மாதிரின்னு. நேத்து அரை மணி நேரமும் அதேதான். நீ ஊசியில நூல் கோக்கறப்ப நாக்க நீட்டுவியாம். அதச் சொல்லித்தான் சிரிச்சாரு.”

“பொய் சொல்லாத.”

“நான் மாட்டுனத ஒரு நாள் நல்லாருக்குன்னு சொன்னதில்ல எங்கிட்ட.”

“எங்கிட்ட சொன்னாரு,” என்றாள் அவள் வேண்டாவெறுப்பாக. அதைக் கொடுத்தபோது அவளுக்கு வலித்தது. அவன் முகத்தில் அது போய்ச் சேர்ந்ததைப் பார்த்தபோது இன்னும் கொஞ்சம் வலித்தது.

வெளியே அத்தை கூப்பிட்டாள். “பெரியவளே, வண்டி கிளம்பிடுச்சாம். மாடியில லைட்டு எரியுது பாரு, மெஷின் வேற ஓடுதான்னு தெரியல. நீ எங்க போற இப்ப, யாரையாவது அனுப்பு.”

“நானே போறேன் அத்தை.”

முற்றத்தில் வெயில் போயிருந்தது. சூரியன் அவளுடைய மாடிக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. பேங்க் மேடம் யாரிடமோ மெதுவான குரலில் ஃபோன் பேசிக்கொண்டிருந்தாள். பெரியவள் வெறுங்காலோடு படியேறினாள்.

அறை காலையில் விட்டபடியே இருந்தது. மெஷின் ஓடவில்லை. ஊசி துணிக்குள் இறங்கி நின்றிருந்தது. துணி தரைவரை வழிந்திருந்தது. ஸ்டூலில் அவள் உட்கார்ந்த பள்ளம்கூட மெத்தையில் அப்படியே இருந்தது. தலைக்கு மேலே ட்யூப்லைட், பகல் போனது தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது.

அவள் ஜன்னலருகே நின்று கீழே பார்த்தாள். அப்பாவின் அறை ஜன்னலில் அவளுடைய திரையின் முதுகுதான் தெரிந்தது. பட்டைகளுக்குப் பின்னால் வெளிர்மஞ்சள் உள்துணி, மடிப்பு மடிப்பாக, ஓர் இடைவெளியும் இல்லாமல். நல்ல வேலை. ஒன்றுமே தெரியவில்லை.

“சின்னவனே!”

முற்றத்தில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள். திரையின் ஓரம் அசைந்து, தம்பியின் முகம் பட்டைகளுக்கு இடையே துண்டுதுண்டாக வந்தது.

“அந்தக் கர்ட்டனத் தள்ளுடா.”

“என்ன?”

“கர்ட்டனத் தள்ளு. முழுசா. ரெண்டு பக்கமும்.”

அவன் ஒரு பக்கத்தைத் தள்ளினான், சுற்றிப்போய் மறுபக்கத்தையும் தள்ளினான். அறை விளக்கின் வெளிச்சம் பட்டைகளின் வழியாக முற்றத்தில் விழுந்தது. பெரியவள் சுவரில் கையை வைத்து ட்யூப்லைட்டை அணைத்தாள். அணைத்ததும் கீழேயிருந்த அறை பக்கத்தில் வந்தது. மேல் இடைவெளிகளில் எதிர்ச்சுவர், நாற்காலிகளின் முதுகு. அதற்குக் கீழே கட்டிலின் கால்மாடு, வெள்ளைத் துணி, துணிக்கடியில் கோத்து வைத்திருந்த கைகளின் மேடு. அதற்கும் கீழே இருந்திருக்க வேண்டிய முகம் தெரியவில்லை. ஒரு முதுகு இருந்தது, நீலச் சட்டை போட்ட அகலமான முதுகு.

“தள்ளி நில்லுடா,” என்றாள் அவள். “மறைக்கிற.”

கத்திச் சொல்லவில்லை. அவனுக்குக் கேட்டிருக்குமோ என்னவோ. ஆனால் நீலச் சட்டை நகர்ந்து, ஜன்னலை விட்டு ஓரமாகப் போனது. போகிற போக்கில் அவன் தோள் கயிற்றில் பட்டிருக்க வேண்டும். தலையணைக்கு நேராக அந்தக் குட்டி வெள்ளைப் பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பெரியவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு மெஷின் முன்னால், தினமும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். பையின் ஆட்டம் குறைந்து குறைந்து, கடைசியில் நேராக நின்றது.